அப்டேட் போட்ட நாளிலிருந்து லேப்டாப் உறைந்து நிற்கிறது, கிராபிக்ஸ் கார்டு பிழையா? [தீர்ந்தது]

அச்சு_மேகலை · வெள்ளி, இரவு 10:20

வணக்கம். குழந்தைகளுக்கான மாத இதழ் ஒன்றுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் இரண்டையும் வைத்துத்தான் என் வேலை. லேப்டாப் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. உபுண்டு 22.04, ராம் 16 ஜிபி. பிராசசரோடு ஒட்டிய கிராபிக்ஸ் ஒன்றும் தனி கார்டு ஒன்றுமாக இரண்டு உண்டு. இதுவரை ஒரு குறையும் இல்லாமல் உழைத்த மெஷின்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டம் அப்டேட் ஆனது. கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 6.5இலிருந்து 6.8க்கு மாறியிருக்கிறது. அதன் பிறகு இன்றைக்குள் மூன்று தடவை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் அம்புக்குறி நகராது, கீபோர்டுக்குப் பதில் இல்லை, கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை. ஆனால் ஒருமுறை பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது உறைந்தது. அந்தப் பாட்டு மட்டும் கடைசி வரை பாடி முடிந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நேற்று அப்படி அணைத்ததில் மூன்று பக்கம் போய்விட்டது.

பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பார்த்தேன், கேஷ் அழித்தேன். மாற்றமில்லை. சில சமயம் பத்து நிமிடத்தில் உறைகிறது, சில சமயம் நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. வரும் வியாழக்கிழமை இதழ் அச்சுக்குப் போக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.


நள்ளிரவு_கர்னல் · வெள்ளி, இரவு 10:58

பாட்டு ஓடி முடிந்தது என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான செய்தி. கர்னல் செத்திருந்தால் பாட்டு ஓரிரு நொடியில் நின்றிருக்கும், இல்லை ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதனால் சிஸ்டம் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும்தான் நின்றிருக்கிறது. கேப்ஸ் லாக் விளக்கை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். டெஸ்க்டாப் ஓடும்போது அந்த விளக்கை ஏற்றி அணைப்பது, திரையை வரையும் டிஸ்ப்ளே சர்வர் என்ற நிரல். அது மாட்டிக்கொண்டால் விளக்கும் மாறாது. அந்த விளக்கு தானாக மின்னி மின்னி அணைந்தால்தான் கர்னல் பேனிக், அதாவது கர்னலே நின்றுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி உறைந்தால் பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (S, U, B) என்ற மூன்று எழுத்துகளை இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். எஸ் நினைவில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும், யு டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுதொடக்கம் செய்யும். இணையத்தில் ஆறு எழுத்து வரிசை ஒன்று சொல்வார்கள். உபுண்டுவில் இந்த வசதியின் இயல்பு அளவு 176, அதாவது 128, 32, 16 மூன்றின் கூட்டு. அந்த அளவில் இந்த மூன்று எழுத்துக்குத்தான் அனுமதி, அதனால் மற்றதை அழுத்தி நேரம் போக்க வேண்டாம். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சேமிக்காத பக்கம் இதனால் திரும்பி வராது. ஆனால் டிஸ்க் கெடாது, உறைந்த நேரத்து லாகும், அதாவது சிஸ்டம் எழுதிய பதிவும், பிழைக்கும்.

லாக் எடுக்க, திரும்பத் தொடங்கியதும் டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று கொடுங்கள். கே என்றால் கர்னல் செய்திகள் மட்டும், பி என்றால் பூட், கழித்தல் 1 என்றால் இப்போதையதற்கு முந்தைய பூட். அதன் கடைசி முப்பது நாற்பது வரிதான் எனக்கு வேண்டும்.


குமரி_வேலன் · வெள்ளி, இரவு 11:15

இவ்வளவு சிரமம் எதற்கு? ஹோம் கோப்புறையை காப்பி எடுத்துக்கொண்டு 24.04 புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.


சர்வீஸ்_பெஞ்ச் · சனி, காலை 7:05

வேலன் தம்பி, அது பல சமயம் சரியான யோசனைதான். ஆனால் ஒருவருக்கு வியாழக்கிழமை அச்சு இருக்கும்போது சொல்லக்கூடாது. எழுத்துருக்கள், கலர் புரொஃபைல், ஸ்கிரைபஸ் அமைப்பு எல்லாம் மறுபடி உட்கார்ந்து செய்ய வேண்டும். அதோடு காரணம் தெரியாமல் புதிதாகப் போட்டால் அதே பிழை புதிய சிஸ்டத்திலும் வந்து நிற்கும், அப்போது எங்கே தேடுவது?

நான் லேப்டாப் பழுதுபார்க்கிறவன். மேகலை அம்மா, மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உறைவதற்கு முன் திரையில் கோடு, புள்ளி, நிறச் சிதறல் ஏதாவது தெரிகிறதா? மெஷின் எழும்போது உபுண்டுவுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே எப்போதாவது உறைந்ததா? உறையும்போது விசைப்பலகைக்கு மேல் பகுதி கை வைக்க முடியாத அளவு சுடுகிறதா?


அச்சு_மேகலை · சனி, மாலை 6:40

இரண்டு பேருக்கும் நன்றி. கோடு, புள்ளி எதுவும் இல்லை. பயாஸ் திரையில் உறைந்ததில்லை. சூடு எப்போதும் போலத்தான்.

மாலை 5:50க்கு மறுபடி உறைந்தது. எஸ், யு, பி வேலை செய்தது, பி அழுத்தியதும் தானாக மறுதொடக்கம் ஆனது. லாகின் கடைசியில் இரண்டு செய்தி கண்ணில் படுகிறது. அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலாவது: "அனேபிள் டு சேஞ்ச் பவர் ஸ்டேட் ஃப்ரம் டி3கோல்ட் டு டி0, டிவைஸ் இன்அக்சசிபிள்". முன்னால் 0000:01:00.0 என்ற எண் இருக்கிறது.

அடுத்து ஒரு நொடிக்குள்: "எக்ஸ்ஐடி 79, ஜிபியு ஹேஸ் ஃபாலன் ஆஃப் தி பஸ்".

கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? கழன்றுவிட்டதா? இதைத் தேடிப் படித்ததில் எல்லோரும் கார்டு செத்துப்போச்சு என்றே எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.


நள்ளிரவு_கர்னல் · சனி, இரவு 8:12

பயப்பட வேண்டாம், கழன்று விழவில்லை. தனி கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாக பிராசசரோடு பேசுகிறது. அந்தப் பேச்சு முழுக்க அறுந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் லாகில் எழுதும் எண்தான் 79. கார்டு பதில் தராதபோது அதன் எந்தப் பதிவேட்டைப் படித்தாலும் எல்லா பிட்டும் 1 என்றே வரும். அதைப் பார்த்து டிரைவர் கையை விட்டுவிடும். டிஸ்ப்ளே சர்வர் அதன் பதிலுக்குக் காத்தபடி நிற்கும். உங்கள் கண்ணுக்கு அதுதான் உறைந்த திரை.

79 வந்தால் கார்டு செத்தது என்று எழுதுகிறவர்கள் பாதிதான் படிக்கிறார்கள். எக்ஸ்ஐடி எண் ஒவ்வொன்றும் ஒரு அறிகுறி. 13 வந்தால் கிராபிக்ஸ் எஞ்சினில் பிழை. பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் தப்பான வேலை கொடுத்திருக்கும். 31 வந்தால் நினைவக முகவரிப் பிழை, அதுவும் பல நேரம் மென்பொருள் பக்கம். 79க்கு கார்டு பழுது, மின்சாரம் போதாமை, அதிகச் சூடு, பாதையில் கோளாறு, உறக்கத்திலிருந்து எழாமை என எதுவும் காரணமாகலாம். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் நோய் எதுவென்று தெரியாது அல்லவா, அப்படி.

அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். டி0 என்றால் விழித்திருக்கும் நிலை. டி3கோல்ட் என்றால் மின்சாரத்தையே துண்டித்துவிட்ட ஆழ்ந்த உறக்கம். அதாவது உங்கள் கார்டு வேலை செய்துகொண்டே விழவில்லை, தூங்கப் போனது எழுந்திருக்கவில்லை. ஏன் இப்போது இப்படித் தூங்குகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் பழைய கர்னலில் ஓட்டிப் பாருங்கள். தொடங்கும்போது தயாரிப்பாளர் படம் மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால், எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே 6.5 இருக்கும், ரெக்கவரி என்று எழுதாததை எடுங்கள். நோமோட்செட் என்ற தொடக்க அமைப்பைப் போடச் சொல்லி யாராவது எழுதினால் இப்போது கேட்க வேண்டாம். அது கிராபிக்ஸ் டிரைவர்கள் திரையைக் கையில் எடுப்பதையே தடுத்துவிடும். கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டவர் உள்ளே நுழைய உதவுமே தவிர, மருந்து ஆகாது.


சர்வீஸ்_பெஞ்ச் · சனி, இரவு 9:30

அவர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். கோடு, புள்ளி இல்லை, பயாஸில் உறையவில்லை, சூடு இல்லை. இந்த மூன்றும் நல்ல சகுனம். சிப் சாகும்போது பெரும்பாலும் திரையில் அடையாளம் காட்டிவிட்டுத்தான் சாகும். எந்தக் கடையிலாவது ரீபால் பண்ணணும் (சிப்பைக் கழற்றி மறுபடி ஒட்டுவது), போர்டு மாத்தணும் என்று சொன்னால், லாக் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். சூட்டுத் துப்பாக்கியால் சிப்பைச் சுட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சில வாரம் ஓடும், அப்புறம் நிரந்தரமாகப் போகும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.


யாழ்_வளவன் · ஞாயிறு, காலை 10:02

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. அப்டேட்டுக்குப் பிறகு திரை அப்படியே நிற்கும். ஆனால் ஏதாவது விசையைத் தட்டினால் சில வேளை திரும்ப ஓடத் தொடங்கும். என்னிடம் தனி கார்டு இல்லை, பிராசசரோடு இருப்பது மட்டும்தான். அக்காவுக்குச் சொல்வதையே நானும் செய்யலாமா?


நள்ளிரவு_கர்னல் · ஞாயிறு, காலை 10:40

வேண்டாம் தம்பி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இது வேறு. விசை தட்டினால் திரும்ப வருகிறது என்றால் கார்டு தொங்கவில்லை, படம் திரைக்குப் போய்ச் சேரவில்லை. பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ், சுருக்கமாக பிஎஸ்ஆர், என்று ஒரு மின்சேமிப்பு உண்டு. திரையில் எதுவும் மாறாதபோது கிராபிக்ஸ் சிப் ஓய்வெடுக்கும், கடைசிப் படத்தைத் திரைப் பலகையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைமாற்றம் சில பலகைகளோடு ஒத்துப்போவதில்லை.

உங்கள் டிரைவர் இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 என்றால், கிரப் பட்டியலில் உபுண்டு மேல் நின்று இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது நிற்கும், அதனால் தைரியமாகச் சோதிக்கலாம்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஐ915 ஓடும் மெஷினில் நிஜமாகவே கார்டு தொங்கினால் லாகில் ஜிபியு ஹேங் என்ற சொல் இருக்கும், பக்கத்தில் எந்த நிரலால் என்பதும் இருக்கும். ஏஎம்டி கார்டுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் என்றால் ரிங், டைம்அவுட் என்ற இரண்டு சொல்லையும் தேடுங்கள். அதற்குப் பின்னால் ஜிபியு ரீசெட் முயற்சி நடந்ததா, வென்றதா என்று பாருங்கள். எக்ஸ்ஐடி எண் என்விடியா டிரைவருக்கு மட்டும் உரியது. லாகைப் பார்க்காமல் அடுத்தவர் தீர்வை எடுத்துப் போட்டால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதை ஆகும்.


அச்சு_மேகலை · ஞாயிறு, மாலை 4:25

பழைய கர்னலிலும் உறைந்துவிட்டது. காலையிலிருந்து 6.5இல்தான் வேலை செய்தேன். மதியம் 1:10க்கு உறைந்தது, லாகில் அதே இரண்டு வரி. அப்படியென்றால் கர்னல் காரணம் இல்லை, கார்டுதானே?

சனிக்கிழமை காலையில் டவுனில் ஒரு கடையில் காட்டியிருந்தேன். போர்டு மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் என்றார்கள். இதழுக்கு வடிவமைப்பு செய்து எனக்கு வரும் பணத்தில் அது பல மாதச் சம்பாத்தியம். உண்மையிலேயே மனசு உடைந்துவிட்டது.


சர்வீஸ்_பெஞ்ச் · ஞாயிறு, மாலை 5:10

அம்மா, ஒரு ரூபாய்கூட இன்னும் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம் ஓடிய கார்டு சரியாக அப்டேட் போட்ட அதே செவ்வாய்க்கிழமையிலா பழுதாகும்? நடக்கலாம். ஆனால் அதை நம்புவதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை உறைந்த ஐந்து தடவையும் நாள், மணி, அப்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், சார்ஜர் மாட்டியிருந்ததா, வெளித்திரை மாட்டியிருந்ததா என்று நினைவிலிருந்து எழுதுங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.


நள்ளிரவு_கர்னல் · ஞாயிறு, மாலை 5:22

அவர் கேட்பதோடு, செவ்வாய்க்கிழமை என்னென்ன மாறியது என்ற பட்டியலும் வேண்டும். வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஏபிடி, அதில் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு இருக்கும். அந்தத் தேதிக்குக் கீழே இன்ஸ்டால் என்று தொடங்கும் வரியை அப்படியே தாருங்கள். அப்கிரேட் வரி நீளமாக இருக்கும், அது இப்போது வேண்டாம்.

இன்னொன்று. அன்று மறுதொடக்கம் ஆனபோது வழக்கத்தில் இல்லாத திரை ஏதாவது வந்ததா?


அச்சு_மேகலை · ஞாயிறு, இரவு 9:48

எழுதிப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்படியே தருகிறேன்.

புதன் இரவு மொட்டை மாடியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தேன், சார்ஜர் இல்லை. வியாழன் மதியம் கரண்ட் போயிருந்தது. வெள்ளி மாலை பேருந்தில் வரும்போது மடியில் வைத்துத் திருத்தம் பார்த்தேன். சனி மாலை மறுபடி மாடி. இன்று எங்கள் தெருவில் பராமரிப்பு வேலை என்று காலை 9 மணியிலிருந்து கரண்ட் இல்லை, மதியம் உறைந்தது. ஐந்து தடவையும் பேட்டரியில்தான் ஓடியிருக்கிறது! நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தேனே, அன்றெல்லாம் மேசையில் சார்ஜரோடு வேலை செய்திருக்கிறேன்.

அடுத்தது. செவ்வாய்க்கிழமை அப்டேட் போட்டது நானில்லை, என் தம்பி. விடுமுறைக்கு வந்திருந்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் அவனுக்கு போன் செய்தேன். ஒரு விளையாட்டு சரியாக ஓடவில்லை என்று கூடுதல் டிரைவர்கள் பட்டியலில் தனி கார்டுக்கான நிறுவன டிரைவரைத் தேர்ந்தெடுத்தானாம். மறுதொடக்கம் ஆனபோது நீலத் திரை வந்து ஏதோ கடவுச்சொல் கேட்டது, தானே கொடுத்ததையே திரும்பக் கொடுத்தேன் என்கிறான். ஹிஸ்டரி.லாகிலும் இன்ஸ்டால் வரியில் அந்த டிரைவர் பெயர் இருக்கிறது. அதற்கு முன் என்ன டிரைவர் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் கரண்ட் அடிக்கடி போகிறது என்று பேட்டரி நீடிக்க டிஎல்பி என்ற மென்பொருளை நான்தான் போட்டேன். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.


நள்ளிரவு_கர்னல் · ஞாயிறு, இரவு 10:35

எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் எழுதியதில் முடிச்சின் மூன்று இழையும் இருக்கின்றன.

அந்த நீலத் திரை, கையெழுத்தில்லாத மென்பொருளோடு தொடங்க விடாத செக்யூர் பூட் என்ற காவல் சம்பந்தப்பட்டது. வெளியிலிருந்து வரும் கர்னல் மாட்யூலை (கர்னலோடு சேரும் துண்டு நிரல்) ஏற்க, அதற்குக் கையெழுத்திட்ட சாவியை மெஷினில் பதிய வேண்டும். தம்பி செய்தது அந்தப் பதிவுதான், தப்பே இல்லை. அது வந்தது என்றாலே புது டிரைவர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதனால்தான் கேட்டேன்.

அதுவரை உங்கள் தனி கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தது நூவோ. கார்டுகளின் நடத்தையை வெளியிலிருந்து ஆராய்ந்து, ஆர்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர் அது. 2010இல் கர்னல் 2.6.33இல் சேர்ந்தது. டிஎல்பி என்ன செய்கிறது என்றால், சார்ஜர் இருக்கும்போது பிசிஐ சாதனங்களை விழித்திருக்க விடும், பேட்டரிக்கு மாறியதும் சும்மா இருப்பவற்றைத் தானாகத் தூங்க விடும். ஆனால் சில டிரைவர்கள் அப்படித் தூங்கவைத்தால் தொல்லை தரும் என்று விலக்குப் பட்டியல் ஒன்று அதனுள் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நூவோ உண்டு. நீங்கள் டிஎல்பி போட்டு ஒரு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை கார்டு கைமாறியது. புது டிரைவரின் பெயர் உங்கள் பதிப்பின் விலக்குப் பட்டியலில் இருக்காது. அன்று முதல் பேட்டரிக்கு மாறும்போதெல்லாம் கார்டைத் தூங்க விட்டிருக்கிறது டிஎல்பி. உங்கள் மெஷினில் அந்த உறக்கத்திலிருந்து கார்டு எழுவதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுப்பது லேப்டாப்பின் பயாஸில் இருக்கும் குறிமுறை, அதனால் சிக்கல் அங்கே இருக்கவும் கூடும்.

பழைய கர்னலில் ஏன் உறைந்தது? டிரைவரைப் போடும்போது அன்று ஓடிக்கொண்டிருந்த 6.5க்கும் புதிதாக வந்த 6.8க்கும் சேர்த்தே அதன் மாட்யூல் தயாராகியிருக்கும். கர்னலை மாற்றினீர்கள், டிரைவரும் டிஎல்பியும் அப்படியே கூட வந்தன. கர்னலை முதலில் சந்தேகப்பட்டு உங்களை ஒரு நாள் அலையவிட்டது நான்தான். ஹிஸ்டரி.லாகை முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இது என் ஊகம், இன்னும் நிரூபணம் இல்லை. சோதிப்போம். டிஎல்பி-ஸ்டாட் -இ என்ற கட்டளையை ரூட் உரிமையோடு கொடுத்தால் எல்லா பிசிஐ சாதனமும் ஆன் நிலையில் இருக்கிறதா, ஆட்டோ நிலையில் இருக்கிறதா என்று காட்டும். சார்ஜரோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்து 01:00.0 வரியை ஒப்பிடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிய நிலையிலேயே, சிஸ் கோப்புறைக்குள் பஸ், பிசிஐ, டிவைசஸ், 0000:01:00.0, பவர் என்று இறங்கி, அங்கே கண்ட்ரோல் என்ற கோப்பில் ஆன் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். கார்டு தூங்காது. மறுதொடக்கமோ சார்ஜர் மாற்றமோ நடந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை.


அச்சு_மேகலை · திங்கள், இரவு 8:15

சார்ஜரோடு பார்த்தால் ஆன். கழற்றியதும் ஆட்டோ. நீங்கள் சொன்னது போலவே.

காலையில் கண்ட்ரோல் கோப்பில் ஆன் என்று எழுதிவிட்டு பேட்டரியில் வேலை செய்தேன். தீரும் வரை ஒருமுறையும் உறையவில்லை. சார்ஜ் ஏற்றி, கழற்றி, மறுபடி ஆன் எழுதி, மதியமும் அப்படியே ஓட்டினேன். உறையவில்லை. ஆனாலும் தற்செயலாக இருக்குமோ என்று மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேமித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஆட்டோவுக்கு மாற்றி இங்க்ஸ்கேப்பைத் திறந்து வைத்தேன். பத்தொன்பதாவது நிமிடம் உறைந்தது! அதே இரண்டு வரி. உறைந்ததைப் பார்த்து முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.


சர்வீஸ்_பெஞ்ச் · திங்கள், இரவு 8:50

நீங்களே வரவைத்து, நீங்களே நிறுத்தியும் காட்டிவிட்டீர்கள். இதற்கு மேல் நிரூபணம் கிடையாது. கார்டு நன்றாக இருக்கிறது, 28,000 பத்திரமாக இருக்கட்டும்.


நள்ளிரவு_கர்னல் · திங்கள், இரவு 9:30

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். இனி நிரந்தரமாக்கலாம். இடிசி கோப்புறையில் டிஎல்பி.டி என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் 10-கார்டு.கான்ஃப் போல ஒரு சிறு கோப்பை ஆங்கிலப் பெயரில் உருவாக்கி, அதில் ரன்டைம்_பிஎம்_டிசேபிள் என்ற அமைப்புக்கு "01:00.0" என்று மதிப்புக் கொடுங்கள், அமைப்பின் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிறகு டிஎல்பி ஸ்டார்ட். பேட்டரியில் ஓடினாலும் அந்தக் கார்டு மட்டும் ஆன் நிலையிலேயே இருக்கும், மற்ற சாதனங்களில் மின்சேமிப்பு தொடரும். முதன்மைக் கோப்பைத் தொடாமல் தனிக் கோப்பில் எழுதுவதால் அடுத்த அப்டேட்டில் அழியாது.

விலை ஒன்று உண்டு, கார்டு சும்மா விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். விளையாட்டு ஓடத் தேவையில்லை என்றால் பிரைம்-செலக்ட் கட்டளையில் இன்டெல் என்று கொடுத்துத் தனி கார்டையே ஒதுக்கிவைக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் பல லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை தனி கார்டோடுதான் இணைந்திருக்கும், அப்போது வெளித்திரை வராது. அச்சு வேலை முடியும் வரை அந்தச் சோதனை வேண்டாம். பயாஸுக்கும் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று அச்சுக்குப் போன பிறகு நிதானமாகப் பாருங்கள்.


புதுவை_கண்ணன் · செவ்வாய், காலை 9:12

இழையை முழுக்கப் படித்தேன், மிகவும் பயனுள்ளது. என் அலுவலக மெஷினில் விண்டோஸ் இருக்கிறது. அங்கே இப்படி லாக் பார்ப்பது எப்படி?


சர்வீஸ்_பெஞ்ச் · செவ்வாய், காலை 10:30

ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், உறைந்த மணியைப் பாருங்கள். 4101 என்ற எண்ணோடு டிஸ்ப்ளே என்று ஒரு வரி இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்று, சிஸ்டம் அதை மீட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த மீட்பு ஏற்பாடு இருக்கிறது. கார்டு இயல்பாக 2 நொடிக்குள் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் டிரைவரை மறுபடி தொடங்கிப் பார்க்கும். மீட்க முடியாமல் போனால்தான் வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்ற நீலத் திரை வரும். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். அதனால் காரணம் தீராது, உறைந்திருக்கும் நேரம்தான் கூடும்.

திரை நின்றுவிட்டால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மறுதொடக்கம் ஆகி ஒரு பீப் கேட்கும், பல சமயம் திரை திரும்பிவிடும். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் பட்டன் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.


யாழ்_வளவன் · செவ்வாய், இரவு 7:40

அண்ணா, பிஎஸ்ஆர் நிறுத்திய பிறகு இரண்டு நாளாகத் திரை நிற்கவே இல்லை. கிரப் கோப்பில் நிரந்தரமாகப் போட்டு அப்டேட்-கிரப் கொடுத்துவிட்டேன். மிக்க நன்றி. அக்காவின் இதழ் நல்லபடி அச்சுக்குப் போகட்டும்.


அச்சு_மேகலை · வியாழன், மாலை 6:05

போய்விட்டது. நாற்பத்தெட்டுப் பக்கமும் இன்று மதியம் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நேற்று இரவு கரண்ட் போனபோதும் மாடியில் உட்கார்ந்து கடைசித் திருத்தம் பார்த்தேன், உறையவில்லை. பேட்டரி முன்பு மூன்று மணி நேரம் வரும், இப்போது இரண்டேகால்தான். பரவாயில்லை.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி எதை மாற்றினாலும் மேசையில் இருக்கும் நோட்டில் எழுதிவைப்பதாகச் சொல்லியிருக்கிறான். இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.


அச்சு_மேகலை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 11:30

பின்னால் இதைப் படிப்பவர்களுக்காக. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் பயாஸ் புதுப் பதிப்பு இருந்தது. சார்ஜர் மாட்டி, கரண்ட் போகாத நேரம் பார்த்துப் போட்டேன். அதன் பிறகு டிஎல்பி கோப்பை எடுத்துவிட்டு ஆட்டோவிலேயே விட்டுப் பார்த்தேன். முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் மாலை உறைந்தது, அதே டி3கோல்ட் வரி, அதே 79. கோப்பைத் திரும்ப வைத்துவிட்டேன், இன்றோடு எட்டு நாள் ஆகிறது, உறையவில்லை. அடுத்த பயாஸ் வந்தால் மறுபடி சோதித்து இங்கேயே எழுதுகிறேன்.